மிச்சச் சோறும் பொரிச்ச உருண்டையும்: உன்னிச்சையிலிருந்து பலெர்மோ வரை

போன மார்கழி 13ஆம் திகதி பலெர்மோவிலிருந்து சித்தி ஒரு படம் அனுப்பியிருந்தா. தட்டில மூண்டு உருண்டை. ஒவ்வொண்டும் ஒரு தோடம்பழம் அளவு, பொன்னிறமாப் பொரிஞ்சு கிடக்கு. அடுத்த படத்தில ஒண்டைப் பிச்சு உள்ளுக்குக் காட்டியிருந்தா. பார்த்தா சோறு! நடுவில இறைச்சிக் கறியும் பட்டாணியும். கீழே ஒரு குரல் பதிவு: "இண்டைக்கு இஞ்ச ஆரும் பாண் தின்ன மாட்டாங்க, பாஸ்தாவும் தின்ன மாட்டாங்க. இதத்தான் தின்னுவாங்க. நம்மட அம்மா குழைச்சுத் தாற சோத்துக் கவளத்துக்குச் சட்டை போட்ட மாதிரி."

படத்தை உன்னிச்சையில் இருக்கிற பெத்தாவுக்குக் காட்டினேன். கண்ணாடியை ஏத்தி இறக்கி வடிவாப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"பழஞ்சோறா, புதுச்சோறா மனே?"

எனக்குப் பதில் தெரியல்ல. அதைத் தேடிப் போய்த்தான் இதை எழுதுறேன். மிச்சச் சோத்தை இத்தாலிக்காரர் மாதிரி மொறுமொறுப்பா உருட்டிப் பொரிக்கிற வீடியோக்கள் இப்ப நம்ம எல்லாருடைய போனிலும் வந்துகொண்டிருக்கின்றன. செய்முறை ஒரு நிமிசத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த உருண்டைக்குள்ள பசி, கப்பல், பங்கீட்டு அட்டை, களை பிடுங்குற பெண்கள் எண்டு கனக்கக் கிடக்கு.

தோடம்பழத்தின் பெயரில்

சித்தி அனுப்பிய உருண்டைக்குப் பெயர் அரஞ்சினா. சின்னத் தோடம்பழம் எண்டு அர்த்தம். சிசிலித் தீவின் மேற்கில், பலெர்மோவில், இது பெண்பால், உருண்டையாக இருக்கும். கிழக்கில், கத்தானியாவில், இது ஆண்பால், அரஞ்சினோ. கூம்பு மாதிரி உச்சி வைத்திருக்கும். இந்த ஆண்பால் பெண்பால் சண்டை பெரிதாகி, இத்தாலிய மொழிக்கான பழம்பெரும் நிறுவனமான அக்காதெமியா தெல்லா குரூஸ்கா 2016இல் விளக்கம் எழுத வேண்டி வந்தது. இரண்டு வடிவமும் சரிதான் எண்டு அவர்கள் சொன்ன பிறகும் சண்டை ஓயவில்லை.

அந்தத் தோடம்பழச் சொல்லே ஒரு நீண்ட பயணக் கதை. இத்தாலியனின் அரஞ்சா, அரபியின் நாரஞ்ஜிலிருந்து வந்தது. அது பாரசீகத்தின் நாரங்கிலிருந்து. அது சமஸ்கிருத நாரங்கத்திலிருந்து. அதற்கும் பின்னால் ஒரு திராவிட வேர் இருக்கிறது என்பது அகராதிகள் பரவலாக ஏற்கிற கருத்து. நம் நாரத்தை அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். ஆக, பலெர்மோக் கடையில நிண்டு சித்தி "அரஞ்சினா" எண்டு கேட்கிற நேரம், தெரியாமலே தன் பக்கத்துச் சொல் ஒண்டைத் திருப்பிச் சொல்கிறா.

இதோடு சேர்த்து இன்னொரு கதையும் நம்மிடம் ஓடும்: உலகத்துக்கே 'ரைஸ்' என்ற சொல்லைக் கொடுத்தது நம் 'அரிசி' எண்டு. அந்த யோசனையை 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் முன்வைத்தார். ஆனால் கிரேக்க 'ஒரிசா' பழைய ஈரானிய மொழிகளின் வழியாக வந்தது எண்டுதான் இண்டைக்குப் பல மொழியியலாளர் சொல்கிறார்கள். நாரத்தைக்குப் பெருமைப்படுவோம். அரிசிக்குக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வோம்.

ஆயிரம் வருசக் கதையும் 1857ஆம் ஆண்டு அகராதியும்

சிசிலியில் யாரைக் கேட்டாலும் அரஞ்சினா அரபிகள் கொண்டுவந்தது எண்டு சொல்வார்கள். 827இல் வட ஆபிரிக்காவிலிருந்து அரபுப் படைகள் சிசிலியில் இறங்கின. 831இல் பலெர்மோ அவர்கள் கையில் விழுந்தது. 1072இல் நோர்மன்கள் பிடிக்கும் வரை அது அவர்களுடைய தலைநகர். நெல், கரும்பு, எலுமிச்சை, புளிப்புத் தோடை, இவற்றுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வாய்க்கால் முறைகள் என்று நிறைய அவர்களோடு வந்தன. குங்குமப்பூச் சோற்றையும் இறைச்சியையும் கையில் உருட்டிச் சாப்பிட்டார்கள், பிறகு யாரோ ஒருவர் அதைப் பொரித்தார் எண்டு கதை போகும்.

அழகான கதை. ஆனால் எழுத்தில் தேடினால் வேறு விசயம் கிடைக்கிறது. ஜூசெப்பே பியுந்தி 1857இல் வெளியிட்ட சிசிலிய மொழி அகராதியில் 'அரஞ்சினு' என்ற சொல் வருகிறது. அதற்கு அவர் தரும் பொருள், தோடம்பழ வடிவில் செய்த இனிப்பான சோற்றுப் பண்டம். இறைச்சி இல்லை. தக்காளி இல்லை. தக்காளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸுக்குப் பிறகுதான் ஐரோப்பாவுக்கே வந்தது. அப்ப இண்டைக்குச் சித்தி தின்கிற இறைச்சிக் கறி வைத்த அரஞ்சினாவின் எழுத்துச் சான்று 19ஆம் நூற்றாண்டுக்குப் பின்னால் போகவில்லை. அரிசியும் குங்குமப்பூவும் பழையவை. உருண்டை அவ்வளவு பழசில்லை.

சாப்பாட்டு வரலாற்றில் இது அடிக்கடி நடக்கும். பொருட்கள் வந்த காலத்தையும் பண்டம் பிறந்த காலத்தையும் ஒண்டாக்கி, "ஆயிரம் வருசப் பாரம்பரியம்" எண்டு பெயர்ப்பலகை அடிச்சு விடுவோம். நம்ம ஊரிலும் இதுதான் நிலைமை. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசர் வழியாக வந்ததுதான். பழஞ்சோத்துக்குப் பச்சை மிளகாய் கடிக்காத காலம் ஒண்டு நம்ம முன்னோருக்கும் இருந்தது.

மார்கழி 13க்கு வருவோம். அது புனித லூசியா திருநாள். 1646இல் கடும் பஞ்சம் வந்தபோது அந்த நாளில் துறைமுகத்துக்குத் தானியக் கப்பல் வந்தது என்பது சிசிலி மக்களின் நினைவு. பசியில் இருந்தவர்கள் மாவாக அரைக்கும் வரை காத்திருக்கவில்லை. தானியத்தை முழுசாக அவித்து எண்ணெய் விட்டுச் சாப்பிட்டார்கள். அந்த நினைவில் இண்டைக்கும் அந்த நாளில் பாணும் பாஸ்தாவும் தொடுவதில்லை. அவித்த கோதுமையில் செய்யும் குச்சியாவும் அரஞ்சினாவும்தான். கொண்டாட்டமாகத் தெரிகிற தட்டுக்கு அடியில் ஒரு பஞ்சம் இருக்கிறது.

அப்ப, பழஞ்சோறா புதுச்சோறா?

பெத்தாவின் கேள்விக்குப் பதில் சிக்கலானது. பலெர்மோக் கடைகளில் அரஞ்சினாவுக்கென்றே புதிதாகச் சோறு ஆக்குவார்கள். குங்குமப்பூ போட்டு, வற்ற வைத்து, பெரிய தட்டில் பரப்பி ஆற விட்டுத்தான் உருட்டுவார்கள். ரோம் நகரத்தில் இதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், சுப்ப்ளீ. நீள உருண்டை, நடுவில் மொசரெல்லாச் சீஸ். பிரெஞ்சில் ஆச்சரியத்தைக் குறிக்கும் சொல்தான் திரிந்து அந்தப் பெயராகிவிட்டது. இரண்டாகப் பிய்த்தால் சீஸ் தொலைபேசி வயர் மாதிரி இழுபடும் என்பதால் அதைத் 'தொலைபேசிச் சுப்ப்ளீ' எண்டும் சொல்வார்கள்.

உண்மையான மிச்சச் சோத்துப் பண்டம் வடக்கே, மிலானோவில் இருக்கு. பெயர் ரீசோ அல் சால்தோ. முதல்நாள் ஆக்கிய குங்குமப்பூ ரிசோத்தோ மிஞ்சினால், மறுநாள் அதை வெண்ணெயில் தட்டையாக அழுத்தி, இரண்டு பக்கமும் மொறுமொறுப்பாகும் வரை பொரிப்பார்கள். பானையின் அடியில் ஒட்டின தீய்ந்த சோத்துக்கு நாங்கள் சின்ன வயசில் சண்டை பிடித்தோமே, கிட்டத்தட்ட அதே ருசி.

ஆறின சோறு ஏன் வேண்டும்? சோறு வேகும்போது அரிசியின் மாச்சத்துத் தண்ணீரைக் குடித்து இளகிவிடுகிறது. ஆறும்போது அந்த மாச்சத்து மூலக்கூறுகள், முக்கியமாக அமைலோஸ், திரும்ப அடுக்காகச் சேர்ந்து இறுகுகின்றன. அதனால்தான் மறுநாள் சோறு கெட்டியாக, உதிரியாக இருக்கிறது. சுடுசோற்றை உருட்டிப் பொரித்தால் எண்ணெயில் உடையும். ஆறின சோறு வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நம்ம பக்கத்து விடை: தண்ணி ஊத்துறது

உன்னிச்சை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை, எழுகிற பக்கம் எழுவான்கரை. உன்னிச்சைக் குளத்தை நம்பித்தான் சுற்றியுள்ள வயல்களில் வேளாண்மை நடக்குது. மட்டக்களப்பு நகரத்துக் குழாய்களுக்குப் போகும் குடிநீரும் இந்தக் குளத்துத் தண்ணிதான். அதாவது நகரத்து வீட்டில ரைஸ் குக்கரில வேகிற சோறுக்கு நெல்லும் படுவான்கரை, தண்ணியும் படுவான்கரை.

இஞ்ச மிச்சச் சோத்தை ஆரும் பொரிக்கல்ல. தண்ணி ஊத்தி வைப்பாங்க. இரவு மிஞ்சின சோத்தை மண்சட்டியில் போட்டு, அது மூழ்கத் தண்ணி விட்டு மூடினால், விடியும்போது லேசாகப் புளித்திருக்கும். லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் செய்கிற வேலை அது. அதுக்குள்ள சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், எருமைத் தயிர், நேத்தைய மீன் கறியின் மிச்சம். வெள்ளனவே வயலுக்குப் போறவருக்கு அடுப்பு மூட்டாமல் கிடைக்கிற சாப்பாடு. விறகும் மிச்சம், நேரமும் மிச்சம். யாழ்ப்பாணப் பக்கம் இதுக்குக் குழையல் எண்டு ஒரு மறுபக்கமும் உண்டு: மிஞ்சின சோறையும் கறிகளையும் ஒரே சட்டியில் குழைத்து, சுற்றி இருக்கிற பிள்ளைகளின் கையில் உருண்டை உருண்டையாக வைப்பது. சித்தி சொன்ன "சட்டை போடாத" அரஞ்சினா அதுதான். இந்தியத் தமிழ்நாட்டில் மிச்சச் சோத்தைப் பிசைந்து வெயிலில் காயவைத்துச் சோற்று வடகம் ஆக்குவார்கள். அது பிறகு எண்ணெயில் பொரியும். ஆக, பொரிக்கிற யோசனையும் நமக்குப் புதுசில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. சோத்தைச் சும்மா மூடி வெளியில் இரவு முழுக்க வைத்தால் பசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிர் வளரும். அது உண்டாக்கும் நஞ்சு ஒண்டு சூட்டுக்கு அழியாது. பொரிச்சாலும் போகாது; வாந்தி வரும். புளிப்பு ஏறினால் அந்த நுண்ணுயிரின் வளர்ச்சி குறையும் என்பது பழஞ்சோத்துப் பழக்கத்துக்குள் இருக்கிற அறிவு, ஆனால் அது உத்தரவாதம் இல்லை. பொரிக்க வைக்கிற சோத்தை ஆறின உடனே பிரிட்ஜில் வைக்க வேணும். மறுநாளே முடிக்க வேணும்.

ஆருக்கு மிச்சம்?

பெத்தாவோட கதைக்கும்போது ஒரு விசயம் தெளிவானது. மிச்சச் சோறு இருக்க வேணுமெண்டால் முதலில் சோறு இருக்க வேணும்.

இரண்டாம் உலகப் போரில் பர்மா யப்பானியரின் கையில் விழ, இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. 1942இல் அரிசிப் பங்கீடு தொடங்கியது. போர் முடிந்தும் பங்கீட்டு அட்டை போகவில்லை. 1952இல் சீனாவோடு இறப்பர் அரிசி ஒப்பந்தம் போட்டார்கள். 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். பிரதமர் டட்லி சேனநாயக்க அந்த ஒக்டோபரில் பதவி விலகினார். சோத்து விலை ஒரு பிரதமரை வீட்டுக்கு அனுப்பிய வரலாறு நமக்குண்டு. 1970களில் இறக்குமதி சுருங்கிப் பாண் வரிசை வந்தது. பெத்தா அப்ப இளம்பிள்ளை. மரவள்ளிக் கிழங்குதான் அண்டைக்குச் சோறு எண்டு சொல்லுவா.

பிறகு 2007. அந்த மார்ச்சில் படுவான்கரையில் இராணுவ நடவடிக்கை நடந்தபோது பல்லாயிரம் சனம் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடி வந்தது. மாரி வேளாண்மை வெட்டுற காலம். நெல்லை விளைவித்தவர்கள் நிவாரண அரிசிக்கு வரிசையில் நிண்டார்கள். மே மாதம் தொடங்கி ஆக்களைத் திருப்பிக் குடியேற்றினார்கள். அந்த இடைக்காலத்தைப் பற்றிப் பெத்தா அதிகம் கதைப்பதில்லை. இந்தக் கட்டுரைக்காகக் கேட்டபோது ஒரு வரிதான் சொன்னா: "முகாமில பழஞ்சோறே இருக்கல்ல மனே."

முதலில் எனக்கு விளங்கல்ல. பிறகுதான் புரிந்தது. அளந்து தருகிற அரிசியில் மிச்சம் வராது. தண்ணி ஊத்தி வைக்க ஒண்டும் இருக்காது. பழஞ்சோத்தை ஏழைச் சாப்பாடு எண்டு நாங்கள் பழக்கத்தில் சொல்கிறோம். ஆனால் பெத்தாவுக்கு அது வீட்டில் இருக்கிறதன் அடையாளம். சொந்தச் சட்டி, சொந்த அடுப்பு, நாளைக்கு எண்டு எடுத்து வைக்க ஒரு பிடி.

2021இல் இரசாயன உரத்துக்குத் திடீரெனத் தடை வந்தபோதும் இதே கேள்வி திரும்பி வந்தது. அந்த ஆண்டு முடியமுன் தடையை நீக்கினார்கள், ஆனால் பெரும்போக விளைச்சல் விழுந்துவிட்டது. 2022இல் அரிசி விலை ஏறியது, கேஸ் சிலிண்டர் இல்லை, எண்ணெய் விலை கையைச் சுட்டது. அந்த வருசம் சோத்து உருண்டையை ஆழ்ந்த எண்ணெயில் பொரிக்கிறது ஆடம்பரம். அதனால்தான் "வீட்டில் மிஞ்சினதை வைத்து மலிவாகச் செய்யலாம்" எண்டு வீடியோவில் சிரிச்சுக்கொண்டு சொல்லும்போது ஒரு நிமிசம் நிற்க வேண்டியிருக்கு. அரை லீற்றர் எண்ணெயும் முட்டையும் ரஸ்க் தூளும் எல்லா வீட்டிலும் மிஞ்சுவதில்லை.

களை பிடுங்கின கைகள்

இத்தாலியின் நெல் இண்டைக்குச் சிசிலியில் அல்ல, வடக்கே போ நதிச் சமவெளியில்தான் பெருமளவில் விளைகிறது. 1475இலேயே மிலானோவின் கோமகன் ஸ்ஃபோர்சா, ஃபெராராவின் எஸ்தே குடும்பத்துக்கு விதைநெல் அனுப்பிய கடிதப் பதிவு இருக்கிறது. 19ஆம், 20ஆம் நூற்றாண்டுகளில் அந்த வயல்களில் முழங்கால் தண்ணீரில் குனிந்து களை பிடுங்கியவர்கள் பெண்கள். மொந்தினே எண்டு பெயர். வேறு மாவட்டங்களிலிருந்து ரயிலில் வந்து நாற்பது நாள் மட்டில் தங்கி வேலை செய்வார்கள். வெர்செல்லியில் 1906இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து எட்டு மணி நேர வேலைநாளைக் கேட்டுப் பெற்றார்கள். ஜூசெப்பே தெ சாந்திஸ் 1949இல் எடுத்த 'ரீசோ அமாரோ', கசப்பு அரிசி, இவர்களைப் பற்றிய படம். தேடிப் பாருங்க.

படுவான்கரையிலும் களை பிடுங்கிறது பெரும்பாலும் பெண்களின் கூலி வேலைதான். பெத்தாவும் அந்த வேலை செய்தவதான். வெர்செல்லிப் பெண்களுக்கு ஒரு படம் கிடைத்தது. நம்ம பக்கத்துப் பெண்களின் இடுப்பு நோவுக்கு ஒரு கட்டுரையாவது வேணும் எண்டு தோன்றுகிறது. இது அந்தக் கட்டுரை இல்லை, ஆனால் எழுதப்பட வேண்டியது.

சட்டை போடுற கலை

அரஞ்சினாவை வெளிநாட்டு வித்தை எண்டு நினைக்கத் தேவையில்லை. உருட்டி, மாவுக் கரைசலில் முக்கி, ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரிக்கிறது இலங்கையில் எந்தத் தேநீர்க் கடைக்காரருக்கும் தெரியும். கட்லட், ரோல்ஸ் எல்லாம் அதுதானே. மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கீசர் 1628இல் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். ஒல்லாந்தரின் பிரிக்கடெல்லும் ஆங்கிலேயரின் கட்லட்டும் நம்ம கைக்கு வந்து, மாசியும் கறிவேப்பிலையும் ஏறி, நம்மடையாகவே ஆகிவிட்டன.

நாங்கள் செய்த விதம் இது. இத்தாலியின் குட்டை அரிசியில் பசை அதிகம். நம்ம அரிசிகளில் அமைலோஸ் கூட, அதனால் ஒட்டாது. புழுங்கல் அரிசி இன்னும் மோசம். சிவப்புப் பச்சையரிசிச் சோறு எண்டால் நல்லது. இரண்டு கோப்பை ஆறின சோத்தில் மூண்டில் ஒரு பங்கை மட்டும் நல்லா மசிக்க வேணும். அதுதான் பசை. ஒரு முட்டை, உப்பு, கொஞ்சம் மஞ்சள் சேர்த்துப் பிசையலாம். குங்குமப்பூவுக்கு எங்க போறது! உள்ளுக்கு வைக்க, வாவி இறாலைத் தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாயோடு தண்ணி வற்ற வதக்கினோம். உள்ளுக்கு ஈரம் இருந்தால் எண்ணெயில் வெடிக்கும். உருட்டி, மெல்லிய மாவுக் கரைசலில் முக்கி, ரஸ்க் தூளில் பிரட்டி, அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்து, தாச்சியில் நடுத்தரச் சூட்டில் பொரித்தோம். ஒரு துளி தூளைப் போட்டால் உடனே மேலெழும்பிப் பொரிய வேணும், அதுதான் பதம். எண்ணெயை மிச்சம் பிடிக்க நினைத்தால் மிலானோக்காரர் மாதிரித் தட்டையாகத் தட்டி, இரண்டு கரண்டி எண்ணெயில் சுட்டெடுக்கலாம். அதுவும் மொறுமொறுப்புத்தான்.

மலையில் ஏறுகிறவர்கள்

1970களின் கடைசியிலிருந்தும், குறிப்பாக 1983க்குப் பிறகும், இலங்கையர் இத்தாலிக்குப் போகத் தொடங்கினர். இண்டைக்கு அங்கே ஒரு இலட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். பலெர்மோவில் தமிழர் கணிசம். பெரும்பாலானோருக்கு வீட்டு வேலை, வயோதிபர் பராமரிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தோலிக்கர், சைவர் எண்ட பேதமில்லாமல் பெல்லெக்ரீனோ மலையில் ஏறி, 1624 கொள்ளைநோயில் நகரைக் காத்ததாக நம்பப்படும் புனித ரொசாலியாவைக் கும்பிடுகிறார்கள். உன்னிச்சைக்குப் பக்கத்து ஆயித்தியமலைச் சதாசகாய மாதாவிடம் நடந்து போன கால்களுக்கு அது அந்நியமான மலையாகத் தெரியவில்லை எண்டு சித்தி சொல்லுவா. அவ அங்கே வேறொருவரின் அம்மாவுக்குச் சோறு ஊட்டுகிறா. தன் அம்மாவுக்கு மாதாமாதம் காசு அனுப்புகிறா.

நாங்கள் பொரித்த உருண்டையில் ஒண்டைப் பெத்தா கையில் வைத்தேன். "உன்ட கேள்விக்குப் பதில்: அங்க புதுச்சோறு, இது பழஞ்சோறு" எண்டு சொன்னேன். கடிச்சுப் பார்த்தா. "நல்லாத்தான் இருக்கு. உப்புக் காணாது," எண்டா. பிறகு சட்டியில் மிஞ்சியிருந்த சோத்தைப் பார்த்து, "அதையும் பொரிச்சுப் போடாத. விடியக்காலத்துக்குத் தண்ணி ஊத்தி வை" எண்டு சொல்லிப்போட்டுப் போனைக் கேட்டா. சித்திக்கு எடுத்துக் காட்ட வேணுமாம்.